தொட்டிலுக்குப் பக்கத்தில் ரியல் அனாலிசிஸ்

கல்யாணத்தோடு நின்றுபோன பி.எஸ்சி. கணிதத்தை, பிள்ளைகள் வளர்ந்த பிறகு தபால் வழியில் மறுபடி தொடங்கினேன். கால்குலஸ் வரை நானே சமாளித்துவிட்டேன். எதையும் நிரூபித்துக் காட்டச் சொல்லும் ரியல் அனாலிசிஸ் தாளில்தான் திரும்பத் திரும்பத் தோற்றேன். தில்லை நகரில் நான் வேலை பார்த்த கிளினிக்குக்குக் கைக்குழந்தையோடு தடுப்பூசி போட வந்த ஒரு பெண், என் மேசையில் கிடந்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, படிப்பது நானா என்று கேட்டாள். எம்.எஸ்சி. முடித்தவள், பிரசவத்துக்காக ஸ்ரீரங்கத்தில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் சொல்லித்தருவதாகச் சொன்னாள்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் சத்திரம் பஸ் நிலையத்தில் பஸ் ஏறி, ஆற்றுப் பாலம் தாண்டிப் போனேன். அவள் வீட்டுக் கூடத்தில் சிவப்புத் தரைதான் கரும்பலகை. ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மறு கையால் சாக்பீஸில் எழுதுவாள். அவளுடைய அம்மா காபி கொண்டுவரும்போது எழுத்துகளை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றி வருவார்.

நான் அவளை டீச்சர் என்பேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். அப்படிக் கூப்பிட்டால் சிரிப்பாள். எப்சிலான் என்ற கிரேக்க எழுத்தோடு தொடங்கும் நிரூபணங்களை நான் மனப்பாடம் செய்துவந்து ஒப்பிப்பேன். ஒருநாள் பாதியில் நிறுத்தினாள்.

"மனப்பாடம் வேண்டாம்க்கா. நான் எவ்வளவு சின்ன இடைவெளி கேட்டாலும் உங்களால தர முடியுமா? எப்சிலான்ங்கறது அந்தக் கேள்விதான்."

அன்று பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். பல வருஷமாகப் பூட்டியிருந்த ஒன்று திறந்ததுபோல இருந்தது.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு, குழந்தைக்குச் சளி. முந்தைய இரவு அவள் தூங்கவே இல்லை. ஒரு நிரூபணத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டாவை, அதாவது அதைச் சுற்றி எவ்வளவு தூரம் நகரலாம் என்ற அளவை எடுத்து, அவற்றில் மிகச் சிறியதே போதும் என்று எழுதினாள். எனக்கு அது இடித்தது. தயங்கித்தான் கேட்டேன்.

"புள்ளிகளுக்கு முடிவே இல்லையே டீச்சர். அதுல ரொம்பச் சின்னதுன்னு ஒண்ணு இல்லாமலே போயிட்டா?"

அவள் எழுதிய வரியை மறுபடி படித்தாள். கண் கலங்கிவிட்டது. "எல்லாம் மறந்துபோச்சுக்கா. இனிமே எங்க நெட் எழுதப் போறேன்" என்றாள். நெட் என்பது ஆராய்ச்சிக்குப் போக அவள் எழுத நினைத்திருந்த தேர்வு. நான் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து எழுதச் சொன்னேன். அழித்துவிட்டு எழுதினாள். எண்ணி முடிக்கக்கூடிய சில இடைவெளிகளே எல்லாப் புள்ளிகளையும் மூடிவிடும், அவற்றுக்குள் மிகச் சிறியது என்று ஒன்று நிச்சயம் இருக்கும் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இருவருக்குமே அது புரிந்துவிட்டது.

அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முடிந்ததும் அவள் தன் தேர்வுக்குப் படிப்பாள். நான் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன்.

நான் அந்த முறை தேறினேன். அவளும் தேறி, ஆராய்ச்சிக்காகக் குழந்தையோடு சென்னைக்குப் போனாள். இப்போது ஒரு பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். எம்.எஸ்சி.க்கும் சேர்ந்திருக்கிறேன், தனியாகத்தான் படிக்கிறேன். சில ஞாயிறுகளில் ஏதாவது ஒரு வரி பிடிபடும்போது, உடனே அதைச் சொல்ல எதிரே அவள் இல்லையே என்று இருக்கிறது.