போயிட்டு வாறம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசியில், லண்டன் ஸ்ட்ரெதமிலிருந்து நானும் கணவரும் கிரீட் தீவுக்குப் போனோம். சீசன் முடிந்து கடைகளெல்லாம் பூட்டிக் கிடந்தன. நாங்கள் தங்கிய மலைக்கிராம விடுதியில் எங்களைத் தவிர யாருமில்லை. அதைத் தனியாக நடத்திய மரியா என்ற அம்மா, எங்களைத் தன் குசினியிலேயே இருத்திச் சாப்பாடு தந்தார்.

அறை வாடகையை முழுவதும் முன்பே கட்டியிருந்தாலும், கடைசி இரவைத் துறைமுக நகரில் கழிக்க எண்ணிக் காலையில் புறப்பட்டோம். தினமும் சுற்றித் திரிந்த அதே தோள்பைகள்தான் எங்கள் சாமான். 'போகிறோம்' என்று சொல்ல வாய் வரவில்லை. "கோ அண்ட் கம்" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் துறைமுக நகரின் பஸ் நிலையத்தில் ஒரு பொலிஸ்காரருடன் மரியா நின்றார். கண்கள் சிவந்திருந்தன. மலையில் விழுந்துவிட்டோமென்று ஊரே மழையில் எங்களைத் தேடியிருக்கிறது.

"வருவோம் என்றீர்களே, சூப் வைத்துக் காத்திருந்தேன்" என்றார் உடைந்த ஆங்கிலத்தில்.

"அவவுக்கு எங்கட வழக்கம் எப்பிடியப்பா தெரியும்?" என்று கணவர் மெல்லக் கேட்டார். எனக்குத் தலை நிமிரவில்லை.

இப்போது தமிழ் தெரியாதவர்களிடம் 'போகிறேன்' என்றே சொல்கிறேன். அபசகுனம் பேசியதுபோல நாக்குக் கூசும். கூசட்டும்.