கோஸின் மேல் இலை

தொண்ணூற்றொன்றில், பென்னலூரில், நான் ஒரு பச்சோந்தி வளர்த்தேன். அதற்காக வயலில் வெட்டுக்கிளி பிடிக்கும்போதெல்லாம், பயிருக்குப் பூச்சிமருந்து அடித்திருப்பார்களோ என்று சந்தேகம். "ஒரு சொட்டு அடிக்கல சார், வேணும்னா மோந்து பாரு" என்பார் வயல்காரர். மோந்தும் பார்த்தேன், நம்பவில்லை.

யார் தயவும் வேண்டாமென்று, பக்கெட்டில் ஈரமணல் நிரப்பி, கொசுவலை கட்டி, வெட்டுக்கிளிகளை முட்டையிட வைத்தேன். குஞ்சுகள் வெளிவந்ததும் அவற்றுக்கு வயல் புல்லைக்கூடக் காட்டவில்லை. வாலாஜாபாத்தில் கோஸ் வாங்கிவந்து, மேல் இலைகளை உரித்துப் போட்டேன். மறுநாள் காலை ஒன்றுகூட உயிரோடில்லை.

வயல்காரர் பக்கெட்டை எட்டிப் பார்த்தார். "கோஸுக்கு இன்னா மருந்து அடிச்சாங்கன்னு கடைக்காரன கேட்டியா சார்?"

மீதிக் கோஸை முந்தின நாளே பொரியல் செய்து, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டிருந்தோம்.