எருமையிடம் தோற்ற ஹாரன்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருப்பவர்கள் கண்கலங்க வேண்டாம். அக்கா இருந்திருந்தால், "ஏன்டா எல்லாரும் மூஞ்சத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்று அதட்டியிருப்பார்.

வில்லியனூரில் பிறந்த அக்கா, கணவரான எங்கள் மாமா இறந்த பிறகு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஸ்கூட்டர் ஹாரன் செய்யும் சிறு பட்டறை தொடங்கினார். வேலை செய்தவர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரப் பெண்கள். பட்டறை காலூன்றிய நேரத்தில் ஹாரன் சத்தத்துக்கான அரசு விதி இறுகியது. சத்தம் குறையாவிட்டால் ஆர்டர் இல்லை என்று ஹாரன் வாங்கிய நிறுவனம் கைவிரித்தது. பிரான்சிலிருந்து மாமாவின் தங்கை, "பட்டறைய மூடிட்டு இங்க வந்துடுங்க அண்ணி" என்றார். எங்கள் ஊர் முன்பு பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததால், மாமா வழியில் அக்காவுக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி.

"நான் வந்துடுவேன். இந்தப் பொண்ணுங்க எங்க போவாங்க?" என்றார் அக்கா.

சத்தத்தைக் குறைப்பது எளிது. குறைத்தால் சாலையில் யாருக்கும் கேட்பதில்லை, அதுதான் வம்பு. சத்தம் அளக்கும் கருவியில் தேறிய ஹாரனைத் தம் ஸ்கூட்டரில் பொருத்தி, சேதராப்பட்டுச் சாலையில் எருமைகளுக்குப் பின்னால் நின்று அடித்துப் பார்த்தார். ஒன்றுகூடத் திரும்பவில்லை. "மிஷினு பாஸ் போட்டுடுச்சு, எருமை பெயில் போட்டுடுச்சு" என்று சிரித்தபடி திரும்பி வந்தார். பிறகு அக்காவும் பெண்களும் உள்ளே அதிரும் தகட்டை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். சத்தத்தை ஏற்றாமல் சுருதியை ஏற்றினால் காதில் சுருக்கென்று படுகிறது என்று கண்டுகொண்டார்கள்.

நிறுவனத்து அதிகாரி வந்தார். கருவியில் ஹாரன் தேறியது. சாலையிலும் பாருங்கள் என்று அக்கா அழைத்துப் போனார். அன்று பார்த்து ஓர் எருமையையும் காணோம். அதிகாரி நடுச்சாலையில் முதுகைக் காட்டிக்கொண்டு செல்போனில் பேச ஆரம்பித்துவிட்டார். பின்னால் ஸ்கூட்டரில் வந்த அக்கா ஹாரனை அழுத்தினார். மனிதர் ஒரு செருப்பை விட்டுவிட்டு ஓரத்துக்குத் துள்ளினார்.

"எருமையே வேணாம்மா, நானே நகந்துட்டேன். ஆர்டர் உங்களுக்குத்தான்" என்று அவரும் சிரித்துவிட்டார். பெண்கள் அன்று பட்டறையில் கேசரி கிண்டினார்கள்.

கடைசி மாதங்களில் புற்றுநோய் படுக்கையில் தள்ளியபோதும், "இன்னிக்கு லோடு போச்சா?" என்றுதான் கேட்பார். வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், பிரான்சிலிருந்து வந்து உடனிருந்து பார்த்துக்கொண்ட மாமாவின் தங்கைக்கும், இன்று திதிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் நன்றி. பட்டறைப் பெண்களில் பாதிப் பேர் வர முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். அவசர ஆர்டராம், ஷிஃப்டில் இருக்கிறார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் நன்றி அவர்களுக்கு.