சிலுப்பாத கிடா

எங்க வீட்டு ஆளுகளைச் சொல்றதுக்கு முன்னாடி ஆடு மாட்டைச் சொல்லிடறேன். மரியாதை அதுகளுக்குத்தான் பொருந்தும்.

பசு பேரு தாசில்தார். மூணு தடவை போய் நின்னாத்தான் எந்திரிக்கும். நாய் பேரு சிசிடிவி. எல்லாத்தையும் பாத்துக்கிட்டே இருக்கும், திருடன் வந்தாலும் ஒண்ணும் செய்யாது. ஒத்த முட்டையைப் போட்டுட்டு ஊரையே கூட்டுற செவலைக் கோழிக்கு, பக்கத்து வீட்டு மீனம்மாள் பேரையே வச்சேன். ஒரு நாள் "ஏ மீனம்மா, வந்து தவுடு தின்னு"ன்னு நான் கூப்பிட, வேலிக்கு அங்குட்டு அவுக எட்டிப் பாத்தாக. அன்னைக்கு வாங்குனது முதுகுல இன்னும் இருக்கு.

இதெல்லாம் நான் வச்ச பேரு. கிடாவுக்கு மட்டும் அத்தை வச்சுச்சு. துரை.

அத்தை பேரு ஒச்சம்மாள். எங்க அப்பா சேவுகப்பெருமாளோட தங்கச்சி. புருஷன் செத்த மூணாம் மாசம் ஒரு தகரப் பெட்டியோட திரும்பி வந்துச்சு. அப்ப எனக்கு நாலு வயசு. அன்னையிலேருந்து ஆறரை டவுன் பஸ்ஸைப் பிடிச்சு புதுவயல் போயி, ரைஸ் மில்லுல நெல்லைக் காயப்போட்டு, கூட்டி, அள்ளி, பொழுது சாயத் தலையெல்லாம் உமித்தூசியோட ஒரு பை தவுட்டைத் தூக்கிக்கிட்டு வரும். எங்க கொட்டில்ல இருக்க அத்தனை உசுரும் அந்தப் பையில வளந்ததுதான். ஆனா யாரு மாடுன்னு ஊர்ல கேட்டா அப்பா பேரைத்தான் சொல்லுவாக.

அத்தைக்குக் கோவம் ஜாஸ்தி. அப்பாவை நேரா ஒரு வார்த்தை கேட்டதில்ல. எல்லாத்தையும் மாட்டுக்கிட்டதான் கேக்கும். அப்பா சாப்பிட உக்காந்தாப் போதும், கொட்டில்ல இருந்து சத்தம் வரும்.

"ஏ தாசில்தாரு! போட்டதைத் தின்னுட்டு இருந்த எடத்துல இருந்து அதிகாரம் பண்றியாக்கும்? ரெண்டு கொம்பு மொளச்சுட்டா எல்லாரும் ஒனக்கு அடங்கணுமா?"

"மாடு என்னடி பண்ணுச்சு?"ன்னு அப்பா என்கிட்ட கேப்பாரு.

"ஒண்ணுமே பண்ணல. அதான் திட்டு வாங்குது"ம்பேன்.

துரையை மட்டும் அத்தை திட்டாது. அவன் பொறந்த அன்னைக்கே தாய் ஆடு செத்துப்போச்சு. புட்டிப்பால் கொடுத்து, மில்லுக்குப் போற பையிலயே போட்டுத் தூக்கிட்டுப் போயி, நெல் களத்து ஓரமாக் கட்டி வளத்துச்சு. பஸ்ஸுல கண்டக்டர், "அம்மா, பை கத்துது"ன்னாராம். "பசிச்சாக் கத்தத்தான் செய்யும்"னுச்சாம் அத்தை.

இந்த வருஷம் பத்தாவது ரிசல்ட் வந்துச்சு. சௌபர்ணிகாங்கிற என் பேரை எழுதி முடிக்கவே பரீட்சையில பாதி நேரம் போயிரும். இருந்தும் பாஸ். கணக்குல சரியா முப்பத்தஞ்சு. வாழ்நாள்ல ஒருக்காப் பாஸ் பண்ணுனேன், அதுவும் ஒரு உசுருக்கு உலையாப் போச்சு.

"இவ தேறிட்டா துரையைக் கருப்பருக்கு வெட்டுறேன்னு நேந்திருந்தேன். ஆடி ரெண்டாம் வெள்ளி படையல் போட்டுருவோம்"னு அப்பா மிட்டாயைக் கொடுத்துக்கிட்டே சொன்னாரு.

நான் மிட்டாயை அவரு கையிலயே திருப்பி வச்சேன்.

"அது அத்தை கிடாப்பா. நீங்க எப்புடி நேந்தீக?"

"இந்த வீட்டுல ஒங்கிடா எங்கிடாவா? அவளுக்குன்னு தனியா என்ன இருக்கு?"

அத்தை கொட்டில் வாசல்ல சாணிக் கூடையோட நின்னுச்சு. காதுல விழுந்திருக்கும். அன்னைக்கு மாட்டைக்கூடத் திட்டல. எனக்கு அதுதான் பொறுக்கல. பதினொண்ணாவது சேரமாட்டேன்னு ஒரேயடியாச் சொல்லிட்டேன். ப்ளஸ் டூவுக்கு எந்த உசுரை நேந்து விடுவாரோ, யாரு கண்டா?

எங்க கோயில்ல ஒரு வழக்கம். கிடா மேல பூசாரி மஞ்சத்தண்ணி தெளிப்பாரு. அது உடம்பைச் சிலுப்புனா சாமி உத்தரவு கொடுத்துட்டாருன்னு அர்த்தம். மூணு தடவை தெளிச்சும் சிலுப்பலேன்னா வெட்டக் கூடாது. துரையோ ஒரு சொட்டு மழை பட்டாலே வால் வரைக்கும் சிலுப்புறவன்.

மறுநாள் அத்தை பஸ் ஏறுனதும் ஒரு வாளித் தண்ணியை அவன் தலையில ஊத்துனேன். சிலுப்புனான். என்னையும் நனைச்சு, முட்டியும் விட்டான். சிலுப்புனா வெறுங்கையி, சும்மா நின்னா ஒரு கொத்து அகத்திக்கீரை. தினம் பத்து வாளி. ஆடி பொறக்கையில, குளத்துல கெடக்குற எருமை மாதிரி நின்னான். படிப்பு எனக்கு ஏறல, துரைக்கு ஏறிருச்சு.

ரெண்டாம் வெள்ளி வந்துச்சு. துரை கழுத்துல மாலை. அரிவாளைச் சாமி முன்னாடி சாத்தியிருந்தாக. அத்தை கூட்டத்துல கடைசியா, கையைக் கட்டிக்கிட்டு நின்னுச்சு. பூசாரி குழந்தைவேலு தண்ணி தெளிச்சாரு. துரை அசையல. ரெண்டாவது செம்பு. அசையல. கீரை எங்கடின்னு என்னையே பாக்குறான், கிறுக்குப்பய. நான் கோபுரத்தைப் பாக்குற மாதிரி மேல பாத்தேன். எங்க கருப்பருக்குக் கோபுரமே கெடையாது.

மூணாவது செம்பும் முடிஞ்சுச்சு.

"உத்தரவு இல்லைங்க"ன்னாரு பூசாரி.

"கொண்டாங்க செம்பை. காதுக்குள்ள ஊத்துனாத் தன்னால சிலுப்பும்"னு அப்பா செம்பைப் பிடுங்குனாரு.

கூட்டத்தை ரெண்டாப் பொளந்துக்கிட்டு அத்தை வந்துச்சு. மாடு இல்ல, கோழி இல்ல. அப்பா மூஞ்சிக்கு நேரா நின்னுச்சு.

"செம்பைக் கீழ வைங்கண்ணே. மூணு தடவைதான் வழக்கம். சாமியே வேணாங்குறாரு, நீங்க யாரு நாலாவது ஊத்த? பன்னெண்டு வருஷமா நான் தவுடு சொமந்து வளத்த உசுருக. எங்கிடாவை நேந்துவிட என்னை ஒரு வார்த்தை கேட்டீகளா? எனக்குன்னு என்ன இருக்குன்னு கேட்டீகள்ல? இந்தா நிக்கிறான். இவன் இருக்கான் எனக்கு."

அப்பா செம்பை வச்சாரு. வச்சுட்டு, "உத்தரவு இல்லேன்னா அடுத்த ஆடிக்குப் பாப்போம்"னு முணுமுணுத்தாரு. அந்த மனுசனுக்கு அவ்வளவுதான் ஏறுச்சு.

மறுநாள் காலையில ஆறரை பஸ் ஆரன் அடிச்சுட்டுப் போச்சு. நான் வாளியோட கொட்டிலுக்குப் போனா, அத்தை அங்கேயே நிக்குது. கையில அகத்திக்கீரை. நான் வாளியை முதுகுக்குப் பின்னாடி மறைச்சேன்.

"ரெண்டு மாசமா நான் வர்றப்பல்லாம் கொட்டில் சொதசொதன்னு கெடந்துச்சு. எனக்குத் தெரியாதாக்கும்?"

"அத்தை... சாமி குத்தமாயிருமா?"

"அடுத்தவ உசுரை நேந்தவனுக்கு ஆகாத குத்தம் ஒனக்கு மட்டும் ஆயிருமா? ஊத்து."

ஊத்துனேன். துரை மரமா நின்னான். அத்தை கீரையைக் கொடுக்காம அவன் காதை விரிச்சுப் பிடிச்சுச்சு.

"தலையில மட்டும் ஊத்துனாப் பத்தாதுடி. காதுலயும் ரெண்டு சொட்டு விட்டுப் பழக்கு. அடுத்த ஆடிக்கு அவரு அங்கதான் ஊத்துவாரு."