வருங்கால மாமனாரோடு ஒரு கள்ளுக்கடை உலா

எழுபதுகளின் தொடக்கம். மதுவிலக்கைத் தளர்த்தி, ஊருக்கு ஊர் கள்ளுக்கடையும் சாராயக்கடையும் திறந்திருந்த நேரம். காஞ்சிபுரத்தில் நான் பட்டு நெய்துகொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். பார்க்கப் போன அன்று பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன். கட்டினால் இவளைத்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எல்லோருக்கும் சம்மதம். பெண்ணின் அப்பா மட்டும் "பாக்கலாம், பாக்கலாம்" என்று இழுத்துக்கொண்டே இருந்தார்.

அமாவாசையன்று எங்கள் பக்கம் தறி ஓடாது. அதற்கு முந்தின நாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். "தம்பி, நாளைக்கு லீவுதான? சைக்கிள எடுத்துக்கினு வா. வாலாஜாபாத் பக்கம் ஒரு சுத்து சுத்தினு வரலாம்" என்றார். அவர் தலை மறைந்ததும் என் தாய்மாமன் காதைக் கடித்தார். "டேய், இது பரீட்சைடா. கடை கடையா இட்டுனு போவாரு. ஒரு சொட்டு வாயில பட்டுது, பொண்ணு கெடையாது!"

எனக்குக் குடிப்பழக்கமே கிடையாது. ஆகவே பரீட்சை சுலபம் என்று நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மறுநாள் அவரைப் பின்னால் உட்காரவைத்து மிதித்தேன். முதலில் ஏனாத்தூர்ப் பனந்தோப்பு. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று கள் வாங்கி நீட்டினார். "வயிறு சரியில்ல மாமா" என்றேன். இரண்டையும் அவரே குடித்தார். வாலாஜாபாத் சாராயக்கடையில், "அமாவாசை விரதம் மாமா" என்றேன். சொல்லும்போது என் வாயில் வறுத்த கருவாடு இருந்தது. அவர் கருவாட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தென்னேரி ஏரிக்கரைக் கடையில், குடிக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருப்பதாக எடுத்துவிட்டேன். அங்கே சுடச்சுட மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். டாக்டர் அதற்குத் தடை சொல்லாததால் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திரும்பும் வழியில் பின்னாலிருந்து குரல் வந்தது. "குடிக்காத மாப்பிள்ளைன்னா நம்பலாம்பா. கடைக்கு ஒரு பொய் சொல்ற மாப்பிள்ளைய எப்பிடிப்பா நம்புறது?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்த முறை நிஜமாகவே. பழக்கம் இல்லை என்று முதல் கடையிலேயே சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். மாமனாருக்கு முன்னால் யோக்கியன் என்று பீற்றிக்கொள்வதுபோல் ஆகிவிடுமே என்று வெட்கப்பட்டுத்தான் பொய்க்கு மேல் பொய் அடுக்கினேன். இப்போது பெண் கைநழுவிக்கொண்டிருந்தாள்.

அவர் வீட்டுக்கு வந்ததும் நேரே தறிக்கு அழைத்துப் போனார். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவு, பழையது முடிந்து புதியது காத்திருந்தது. பழைய இழையின் முனையோடு புது இழையைச் சேர்த்து விரலால் திரித்து இணைக்க வேண்டும். புணைப்பது என்போம். அமாவாசைக்குத் தறியில் நெய்யத்தான் கூடாது, புணைக்கலாம் என்பது அவர் சட்டம். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் கையைப் பார்ப்பது அந்த வீட்டு வழக்கமாம். எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். பெண்ணைக் கூப்பிட்டார்.

அவள் வந்து உட்கார்ந்தாள். இழையை நீட்டினாள். என் கை கிடுகிடுவென ஆட ஆரம்பித்தது. முதல் இழை நழுவியது. இரண்டாவது அறுந்தது. மூன்றாவது எங்கே போனது என்றே தெரியவில்லை.

மாமனார் முகம் பிரகாசமானது. "இதான் சங்கதியா! காத்தாலேர்ந்து உள்ள சரக்கு போவல. அதான் கை ஆடுது. இது பழகின கைபா!" என்றவர், வீட்டுக்கென்று கொண்டுவந்த கள்ளுப் பாட்டிலை நீட்டினார். "வெக்கப்படாத. ஒரு மடக்கு உட்டுக்க, நின்னுடும்."

பெண் வெடுக்கென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். எல்லாம் போச்சு. அந்தக் கலவரத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், என் வாழ்நாளின் முதல் கள்ளைக் கடகடவென்று குடித்தேன். புளித்தது. பெண் இருந்த இடத்தில் மாமனாரே உட்கார்ந்து இழையை நீட்டினார். என்ன ஆச்சரியம், கை கல்லாக நின்றது! ஒன்று, இரண்டு என்று அழகாகப் புணைத்துக்கொண்டே போனேன்.

"சொன்னனா இல்லியா!" என்று எழுந்து கைதட்டினார் அவர். குடிகாரன் என்பதற்கு நானே சாட்சியும் சொல்லித் தீர்ப்பும் எழுதிக்கொண்டாயிற்று. சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று எழுந்தேன்.

அதுவரை கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணின் அம்மா, "தம்பி, உக்காரு" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஏமே, வா. வந்து இழைய எடுத்துக் குடு" என்று மகளைக் கூப்பிட்டார்.

அவள் மறுபடி எதிரே வந்து உட்கார்ந்தாள். கை மறுபடி ஆடியது. இழை பட்டென்று அறுந்தது.

"பாத்துக்கங்க" என்றார் அம்மா, கணவரிடம். "கள்ளு உள்ளதான இருக்குது? இப்ப ஏன் ஆடுது?"

மாமனார் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். அம்மா விடவில்லை. "நீங்க என்னப் பாக்க வந்தப்ப, குடுத்த காப்பிய வேட்டியெல்லாம் ஊத்திக்கினீங்களே, மறந்துபூட்டுதா? அன்னிக்கி ஊர்ல ஏது கள்ளுக்கடை?"

எதிரே இருந்தவள்தான் முதலில் சிரித்தாள். சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்த இழையும் அறுந்தது. மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அமாவாசை நல்ல நாளுதான். வெத்தில பாக்கு எடுத்துக்கினு வாங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கள்ளினால் என்று அவர் இன்னொரு முடிவுக்கு வந்துவிடக் கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

அன்று குடித்ததுதான் முதலும் கடைசியும். ஆனால் இன்றும் எங்காவது ஒருவர் கை நடுங்கக் கண்டால், குடியா, குற்றமா என்று யோசிப்பதற்கு முன், அவருக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுதான் பார்க்கிறேன்.