பதினைந்து லிட்டர், பதினைந்து கிலோ

ஹடப்சர் மெஸ்ஸை விட்டு வேகமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் சோப்பு நுரை இன்னும் காயவில்லை. பின்னால் மெஸ் முதலாளி அண்ணாச்சியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"பாத்தியளா, களவாண்டவன் நடையக் கட்டுதான்!"

எத்தனையோ வேலைகளை விட்டு நடந்தவன் நான். இந்த நடை இன்று நினைவுக்கு வந்ததற்குக் காரணம் கோந்த்வா கடையில் வாங்கிய எண்ணெய் பாக்கெட். ஒரு லிட்டர் என்று பெரிதாக; பக்கத்திலேயே 910 கிராம் என்று எறும்பு போல. கடையிலேயே பல்லைக் கடித்தேன். கடைக்காரர் பயந்திருப்பார்.

அது ஐ.டி. பையன்கள் சாப்பிடும் மெஸ். சமையல் கலா அக்கா, பாத்திரம் நான். அக்காவுக்கு டம்ளரும் கரண்டியும்தான் அளவு. அண்ணாச்சி எலெக்ட்ரானிக் தராசு வாங்கினார். ஒரு டம்ளர் தண்ணீரை நிறுத்தார்; இருநூறு கிராம். இனி எந்தப் பொருளானாலும் டம்ளருக்கு இருநூறு கிராம் என்று சட்டம் போட்டார். டம்ளர் நிறைய மிளகாய்த்தூள் அள்ளினாலும் அதில் பாதி எடை வராது. இருமடங்கு தூள் விழுந்த அன்றைய குழம்பைச் சாப்பிட்ட பையன்கள் பானை மோரையும் குடித்துத் தீர்த்தார்கள். அதுவரை சிரிப்புதான்.

பிறகு எண்ணெய். பதினைந்து லிட்டர் டின்னை உடைத்து அக்கா அண்டாவில் ஊற்றியிருந்தார். அண்ணாச்சி நிறுத்தார். அண்டா எடை போக பதின்மூன்றரை கிலோ சொச்சம்.

"மீதி எங்க போச்சு?"

"முழுசா ஊத்தினேன் அண்ணாச்சி. டின்னப் பாருங்க, காலி."

அவர் டின்னைப் பார்க்கவில்லை. அக்காவின் பையைச் சாப்பாட்டு மேசையில் கவிழ்த்தார். சீப்பு, மாத்திரை அட்டை, பாதி வடாபாவ் இருந்த டப்பா. டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தட்டை நகர்த்தி இடம் கொடுத்தார்கள்.

"எண்ணெய் தண்ணி மேல மிதக்குதுல்ல அண்ணாச்சி? லேசான சாமான். லிட்டரும் கிலோவும் ஒண்ணாகாது" என்றேன்.

"எட்டாப்பு தாண்டாத பய எனக்குப் பாடம் நடத்துதியால?"

தாண்டவில்லைதான். முத்திரை உடையாத டின் ஒன்றை இழுத்து வந்து, அவர் கண்ணெதிரே உடைத்து, வேறு அண்டாவில் ஊற்றி நிறுத்தேன். அதே எடை.

அண்ணாச்சி கொஞ்சம் யோசித்தார். "அப்ப கடைக்காரனும் களவாணிதான்" என்றார்.

அவர் கணக்கில் அக்கா திருடிதான், துணைக்கு இன்னொருவன் சேர்ந்தான், அவ்வளவே.

"வாக்கா, போலாம்."

"நீ போ தம்பி," என்றார் அக்கா, சீப்பைப் பையில் போட்டபடி. "நான் இப்ப போனா எடுத்தவ நான்தான்னு ஆயிடும். அப்புறம் எந்தக் கிச்சன்ல சேப்பாங்க? சோட் தோ, விட்டுடு, குக்கர் விசில் வருது."

போனால் திருடி, நின்றால் சந்தேகம். அந்த ஞாயம்தான் என்னை எரித்தது. ஏப்ரனைக் கழற்றி எண்ணெய் அண்டாவுக்குள்ளேயே எறிந்துவிட்டு இறங்கினேன். அப்போதுதான் அந்தக் குரல். திரும்பிப் போய் அறைந்திருப்பேன். ஆனால் களவாண்டவன் நான் என்றால் அக்கா திருடி இல்லை என்றாகும். காலை நிறுத்தாமல் நடந்தேன்.

மெஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அக்கா எந்தப் பக்கம் போனாரோ, தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

மெஸ்ஸை விட்ட மறுநாள் காலை கசார்வாடியில் ஒரு லேத் பட்டறை. இரும்புத்தூள் கூட்டும் வேலை. பழைய வேலையை ஏன் விட்டாய் என்று மேஸ்திரி இந்தியில் கேட்டார். கோபம் என்றேன். துடைப்பத்தை நீட்டினார்.