வள்ளி தின்ற நியூட்ரான்

வறுத்த பட்டாணியின் வாசனை மூக்கில் ஏறினால் எல்லோருக்கும் வாய் ஊறும். நான் மட்டும் எழுந்து அப்பால் போய்விடுவேன். யுத்தம் முடிந்த மறுவருஷம், ஊரெல்லாம் ‘அணுகுண்டு, அணுகுண்டு’ என்று பேசிக்கொண்டிருந்தபோது, எட்டாம் வகுப்பில் எங்கள் சயின்ஸ் சார் மேசைமேல் பட்டாணியைப் பரப்பி அணுவைக் காட்டினார். நடுக்கருவில் புரோட்டானும் நியூட்ரானும், சுற்றிவர எலெக்ட்ரான். புரோட்டான் எத்தனை என்பதை வைத்துத்தான் அது என்ன தனிமம் என்று சொல்ல முடியும், நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் எடை மட்டுமே மாறும், அப்படி எடையில் மட்டும் வேறுபடுகிறவைதான் ஐசோடோப்புகள் என்று சொல்லி, அவர் கன ஹைட்ரஜனை அடுக்கி முடிப்பதற்குள், என் இரட்டைத் தங்கை வள்ளி அதன் ஒற்றை நியூட்ரானை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். “அடியே, சாதா ஹைட்ரஜன் ஆக்கிட்டியே!” என்று சாரே சிரித்துவிட்டார்.

நான் தெய்வானை. திருத்தணியில் இரட்டைப் பெண் பிறந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? எங்களில் யார் யாரென்று சாருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அம்மா படுத்த படுக்கையாகிவிட்ட வருஷம் அது. “ஒருத்தி வூட்ல இருந்து அம்மாவப் பாத்துக்கணும், பரீட்சையில யாரு ஜாஸ்தி வாங்கறாளோ அவ மேல படிக்கட்டும்” என்று நைனா சொல்லிவிட்டார்.

மற்றப் பாடங்களில் இருவரும் சமமாக நின்றோம். மிச்சமிருந்தது சயின்ஸ் வாய்மொழிப் பரீட்சைதான். நியூட்ரான் ஒன்று போனால் தனிமம் மாறுமா என்று சார் எங்களை நிற்கவைத்துக் கேட்டார். பதற்றத்தில் நான் “மாறும்” என்றேன். “மாறாது சார், எடைதான் கொறையும்” என்ற வள்ளி, அம்மாவுக்குக் கஞ்சி வைக்க நேரமாகிறதென்று உடனே வீட்டுக்கு ஓடினாள். மார்க் போடப் பேனாவைத் திறந்த சார் என்னை நிமிர்ந்து பார்த்து, “மாறாதுன்னு சொன்னது நீதானே?” என்றார்.

“ஆங் சார்” என்றேன். பாவி, ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

நான் படித்தேன், சயின்ஸ் டீச்சராகவே ஆனேன்; வள்ளி அடுப்படியோடு நின்றுபோனாள். ஒரு நாளும் அவளிடம் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்று அந்தப் பள்ளிக்கூடக் கட்டடம் இல்லை, சாரும் இல்லை. வள்ளி போயும் இரண்டு வருஷமாகிறது. போவதற்குச் சில நாள் முன்பு என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு நான் சொன்னதுதான் தப்பு போல. நியூட்ரான் போனா மாறித்தான் பூடுமா? நீ டீச்சராச்சே, சொல்லுடி” என்று கேட்டாள்.

எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவள் நான், அவள் போர்வையை இழுத்துவிட்டு, “தூங்கு வள்ளி” என்றேன்.